கூத்துக் களரியில் மைக்கை எங்கே வைப்பது? வன்னியில் ஒலி ஆய்வு தொடங்குபவர்களுக்கு

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு கூத்து ஒத்திகையை நான் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்த இரவில், ரெக்கோடரை மத்தளக்காரருக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நாலு மணித்தியாலம் ஓடியது. அடுத்த நாள், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டார். "தம்பி, நீர் மத்தளத்தைத்தான் கொண்டுபோயிருக்கிறீர். பாட்டைக் கொண்டுபோகேல்லை" என்றார்.

ஒலிப்பதிவு என்பது நடந்ததை அப்படியே அள்ளி வருவது என்று அதுவரை நம்பியிருந்தேன். மைக்கை ஓரிடத்தில் வைத்த நிமிடமே எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று நாம் முடிவெடுத்துவிடுகிறோம். இசைத் தயாரிப்பு பற்றிய ஆய்வுகளின் அடிப்படையே இந்த முடிவுகள்தான்: யார் எடுத்தார், ஏன் எடுத்தார், கேட்பவருக்கு அது என்ன ஆகிறது. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். எடுத்த முடிவை எழுதிவையுங்கள்.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களையும், பாடசாலையில் சங்கீதம் படிப்பித்துக்கொண்டே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. என்றாலும் இசையைப் பாடமாகப் படிக்க வன்னிப் பிள்ளைகள் இன்னும் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்துக்கோ மட்டக்களப்புக் கல்லடிக்கோதான் போகிறார்கள். படிப்பு அங்கே, ஆய்வுக்கான ஒலி இங்கே. இந்தத் தூரத்தை வசதியாக மாற்றிக்கொள்ளலாம்: விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்கள் களத்தில் நிற்கிறீர்கள்.

முதலாவது படி: எந்தப் பக்கம் என்று தீர்மானியுங்கள்

இந்தத் துறையைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். இசைத் தயாரிப்பு என்றால் ஒலிப்பதிவு, கலவை, வெளியீடு என்ற முழு வேலை. திருவிழா மேடையில் ஒலிபெருக்கிக்காரர் மிக்சரில் செய்வதும் இதற்குள் வரும். அவரைப் பற்றி யாரும் ஆய்வு எழுதியதை நான் காணவில்லை, எழுதலாம். ஒலி வடிவமைப்பு என்றால் நாடகம், படம், கண்காட்சி போன்றவற்றுக்காக ஒலியை உருவாக்குவது, அல்லது ஓர் இடத்தின் ஒலியை ஆராய்வது. மூன்றாவது இசைக்கல்வி: பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், எதை வைத்துக் கற்பிக்கலாம்.

இரண்டாவதைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் நம்மிடையே பலருக்கு அது ஆய்வு என்றே தோன்றுவதில்லை. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் மறே ஷேபர் என்ற இசையமைப்பாளர் 1960களின் இறுதியில் ஓர் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். ஓர் இடத்தின் ஒலிகளை அவர் மூன்று வகையாகப் பார்த்தார். கவனிக்காமலே பின்னால் எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்று. நம்மைத் திரும்பிப் பார்க்க வைப்பது இன்னொன்று. அந்த ஊருக்கே அடையாளமாகிவிட்டது மூன்றாவது. இதை அப்படியே இரணைமடுக் குளத்துக்குக் கொண்டு வாருங்கள். மாரியில் தவளைச் சத்தம் முதலாவது. கோவில் மணி இரண்டாவது. குளம் வான் பாயும் இரைச்சல் மூன்றாவது. குளத்து வான்கதவு திறந்தால் சனம் பார்க்க மட்டுமா போகிறது, கேட்கவும்தானே? ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மாதம் ஒரு முறை பத்து நிமிடம் என்று ஒரு வருடம் எடுத்தால் அதுவே ஒரு முழு ஆய்வுக்குப் போதும்.

இரண்டாவது படி: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"வன்னியின் நாட்டார் இசை" என்று தலைப்புக் கொண்டு வருபவரை மேற்பார்வையாளர் சிரித்து அனுப்புவார். சிரிக்காமல் ஒப்புக்கொண்டால் இன்னும் ஆபத்து, மூன்று வருடம் அலைவீர்கள். அரிவிச் சிந்து, பண்டிப் பள்ளு, குருவிப் பள்ளு, கோவலன் கூத்து என்று பட்டியல் போட்டாலே அது எவ்வளவு பெரிய காடு என்று தெரியும்.

ஒரு நல்ல கேள்விக்குள் ஒரு பொருளும், ஓர் இடமும், நீங்கள் செய்து பார்க்கக்கூடிய ஒரு வேலையும் இருக்கும். என் கேள்வி இப்படி வந்தது: வட்டக்களரியில் ஆடும் கூத்துக்கு முன்பக்கம் என்று ஒன்றில்லை, சனம் சுற்றிவர இருக்கிறது, ஆனால் ஸ்டீரியோ ஒலிப்பதிவு, கேட்பவர் மேடைக்கு முன்னால் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. அப்படியானால் வட்டமான ஒன்றை இடம், வலம் என்ற இரண்டு தடத்துக்குள் எப்படிக் கொண்டு வருவது? எந்த இடத்தில் மைக் இருந்தால் ஆடியவர்கள் "இதுதான் எங்கட கூத்து" என்பார்கள்? அண்ணாவியாரின் அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது.

வாசிப்பை இங்கே தொடங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் 2005இலிருந்து இயங்குகிறது. வன்னி பற்றிய பழைய மலர்கள், சஞ்சிகைகள், ஆய்வுகள் அங்கே இலவசம். ஆங்கிலத்தில் ஒலிப்பதிவுக் கலைக்கென்றே தனி ஆய்விதழ்கள் உண்டு, சில திறந்த அணுக்கத்தில், அதாவது இலவசமாகவே, கிடைக்கின்றன. ஒரு கட்டுரையை எடுத்ததும் முடிவுரையை விட்டுவிட்டு 'முறையியல்' பகுதியை வாசியுங்கள். எத்தனை பேர், என்ன மைக், எப்படிக் கேட்க வைத்தார்கள்: உங்களுக்கு வேண்டியது அதுதான். தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லையே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விஞ்ஞானம் படித்த விபுலானந்த அடிகள் தந்தி நீளங்களையும் சுருதிகளையும் கணக்குப் போட்டு 1947இல் யாழ்நூலை வெளியிட்டார்.

மூன்றாவது படி: அனுமதி

இதில் அவசரப்படாதீர்கள். நான் பார்த்த அளவில் வன்னியில் நல்ல ஆய்வுகள் கெட்டது இங்கேதான்.

"பதிவு" என்ற சொல்லைப் பார்த்துப் பாவியுங்கள். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக்குடியமர்ந்த சனத்திடம் "பதிய வந்திருக்கிறம்" என்றால் பாட்டு ஞாபகம் வராது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வரிசை, இவைதான் ஞாபகம் வரும். "உங்கட பாட்டைக் கேக்க வந்தனான், மறக்காமல் இருக்க இதிலை எடுத்து வைக்கலாமோ" என்று கேட்டுப் பாருங்கள், முகமே மாறும். முதல் தடவை போகும்போது ரெக்கோடரைக் கொண்டு போகாதீர்கள். பையில்கூட வேண்டாம்.

ஒப்பாரியை "ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். 2009இல் முடிந்த போரைக் கடந்து வந்த வீடுகளில் அது மாதிரிக்குப் பாடிக் காட்டும் பாட்டு இல்லை. ஒரு அம்மா தானாகப் பாடினால் கேளுங்கள். எடுக்கலாமா என்று முடிந்த பிறகு கேளுங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். "வேண்டாம்" என்று மனம் மாற அவருக்கு உரிமை உண்டு, அதை ஒப்புதல் படிவத்திலும் எழுதுங்கள்.

படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எதற்காக எடுக்கிறேன், யார் கேட்பார்கள், இணையத்தில் போடுவேனா, பெயர் போடலாமா, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இவ்வளவும் போதும். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் வாய்மொழி ஒப்புதலை ஒலியாகவே வாங்கலாம், உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அதை ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாடசாலை என்றால் அதிபர், வலயக் கல்வி அலுவலகம், பெற்றோர் என்று மூன்று கதவு தட்ட வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்குங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் ஆற்றுகையாளர்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. "பழைய பாட்டுத்தானே, யாருக்கும் சொந்தமில்லை" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

நான்காவது படி: கருவி

போன் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நேர்காணலுக்குப் போதும். மத்தளத்துக்குப் போதாது. போனில் உள்ள தானியங்கி அமைப்பு, பெரிய சத்தம் வந்தால் குறைத்து, அமைதி வந்தால் கூட்டிவிடும். மத்தளம் ஓங்கி அடித்ததும் பாட்டு உள்ளே அமிழ்ந்து, பிறகு மெல்ல மெல்ல மேலே வரும். அதைக் கூத்தின் குணம் என்று ஆய்வில் எழுதினால் மானம் போகும். கையடக்க ரெக்கோடர் ஒன்றை இரவல் வாங்குங்கள், அதிலும் தானியங்கி லெவல் இருந்தால் நிறுத்துங்கள்.

அமைப்பு: 48 கிலோஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 48,000 மாதிரி), 24 பிற், வேவ் கோப்பு. மனிதக் காது கேட்கும் மேல் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ். அதன் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் போதும் என்பதால் 48 தாராளம். ஸ்டீரியோவில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி வரும். விடிய விடிய ஆடும் கூத்துக்கு 16 ஜிபி காட் ஒன்றும், மாற்றுப் பற்றரி இரண்டு சோடியும் கொண்டு போங்கள். கரண்டை நம்பாதீர்கள்.

லெவல் வைக்க, அவர்களிடம் ஆக உரத்த இடத்தை ஒரு தடவை அடித்துப் பாடச் சொல்லுங்கள். அந்த உச்சம் ரெக்கோடரின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். ஆட்டம் சூடேறினால் எல்லோரும் ஒத்திகையைவிட உரத்துத்தான் பாடுவார்கள், அதற்கு அந்த இடைவெளி வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம்; வெறும் மைக்கில் காற்று பட்டால் வரும் உறுமலை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டே எடுங்கள். நான் அன்றிரவு தேநீர் குடிக்காமல் ஹெட்போன் போட்டிருந்தால் பிழை முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

ஐந்தாவது படி: மைக்கை வைப்பது

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். என் கதிரைக்கு மத்தளம் 1 மீற்றர், பாடியவர் 4 மீற்றர். இருவரும் ஒரே அளவு உரத்து ஒலித்திருந்தாலும் பாட்டு 12 டெசிபெல் தாழ்ந்துதான் வந்திருக்கும். அண்ணாவியார் காதால் கண்டுபிடித்ததைக் கணக்கும் சொல்கிறது.

சரி, எதிர்ப்பக்கம் வைத்தால்? ஆட்டக்காரர் சுற்றி வருகிறார். மைக்குக்குக் கிட்ட வரும்போது 1 மீற்றர், எதிர்ப்பக்கம் போகும்போது 8 மீற்றர் என்றால் 18 டெசிபெல் ஏறி இறங்கும். நடுவில் மேலே தொங்கவிட்டால் சுற்றி வருபவரின் தூரம் மாறாது. ஆனால் அந்த இடத்திலிருந்து கூத்துப் பார்த்தவர் உலகத்தில் யாருமில்லை. பார்வையாளர் கேட்காத ஒலியை 'உண்மையான பதிவு' என்று சொல்லலாமா? உங்கள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் இதிலேயே கிடைக்கிறது.

செய்து பார்க்க: ஒரே பாட்டை மூன்று இடத்திலிருந்து எடுங்கள். மத்தளத்துக்கு அருகே, பார்வையாளர் இருக்கும் விளிம்பில், முடிந்தால் நடுவில் மேலே. மூன்று ரெக்கோடர் கிடைத்தால் ஒரே நேரத்தில். தொடக்கத்தில் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள், பிறகு மூன்றையும் பொருத்த அது உதவும். ஒலி ஒரு மீற்றர் போக ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தூரத்து மைக்கையும் கிட்டத்து மைக்கையும் அப்படியே கலந்தால் சத்தம் தகரப் பேணிக்குள் இருந்து வருவது போலாகிவிடும். ஆட்டம் முடிந்து சனம் கலைந்த பிறகு, வெறும் களரியை ஒரு நிமிடம் எடுக்க மறவாதீர்கள்.

கொப்பியும் பேனாவும் இங்கேதான் வேலை செய்கின்றன. என் இரண்டாவது பயணத்துக் குறிப்பு ஒன்றை அப்படியே தருகிறேன்:

"சனி, இரவு 8.40. பள்ளிக்கூட முற்றம். ரெக்கோடர் தரையிலிருந்து 1.5 மீற்றர், களரி விளிம்புக்கு 1 மீற்றர் வெளியே, மத்தளத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். 48, 24. காற்றில்லை. 9.15க்கு வடக்குப் பக்கம் ஜெனரேற்றர் தொடங்கியது. 9.20க்கு ரெக்கோடரை இரண்டு முழம் இடப்பக்கம் நகர்த்தினேன். காரணம், தாளக்காரர் இடம் மாறி எனக்கு முன்னால் வந்து நின்றார். நகர்த்தியது சரியோ தெரியாது."

கடைசி வசனத்தை வெட்ட நினைத்தேன், மேற்பார்வையாளர் விடவில்லை. கடைசியில் அதிகம் எழுதியது அதைப் பற்றித்தான். தாளக்காரர் ஏன் அந்த இடத்தில் இடம் மாறினார் என்று போய்க் கேட்டேன். அந்தப் பாத்திரத்தின் வரவில் ஆட்டக்காரரின் காலைப் பார்த்துத்தான் தாளம் போட வேண்டும், பழைய இடத்திலிருந்து கால் தெரியாது என்றார். ஒலிக்குள் கண்ணுக்கும் வேலை இருக்கிறது என்று எந்தக் கட்டுரையும் எனக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

ஆறாவது படி: கேட்பதும் அளப்பதும்

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வெட்டி ஒட்ட ஓடாசிட்டி, படமாகப் பார்க்க லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சொனிக் விஷுவலைசர், பாட்டு வரிகளை நேரத்தோடு பொருத்தி எழுத ஈலான். மூன்றும் இலவசம். சொனிக் விஷுவலைசர் காட்டும் அலைவரிசைப் படத்தில் மத்தள அடி நெட்டுக்குத்துக் கோடாகத் தெரியும். குரல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளையும் கோடுகளாகத் தெரியும். ஒரு மாலை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், கண் பழகிவிடும்.

எந்த மைக் இடம் நல்லது என்று நீங்களே தீர்ப்புச் சொன்னால் அது ஆய்வாகாது, அபிப்பிராயம். ஊரில் பத்துப் பேரைக் கேட்க வையுங்கள். முன்னதாக எல்லாத் துண்டுகளையும் ஒரே உரப்பளவுக்குக் கொண்டு வாருங்கள்; ஓடாசிட்டியில் அதற்கென்றே வசதி உண்டு. இதை விட்டால் எது உரத்ததோ அதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், மனிதக் காது அப்படித்தான்.

முதலில், வித்தியாசம் கேட்கிறதா என்றே சோதியுங்கள். முதல் துண்டு, இரண்டாம் துண்டு, பிறகு இரண்டில் ஏதோ ஒன்று இரகசியமாக. எது என்று கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் பத்துத் தடவை. எட்டுச் சரியென்றால் நாம் துள்ளிக் குதிப்போம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கும் எட்டோ அதற்கு மேலோ சரிவர 5.5 சதவீத வாய்ப்பு உண்டு; வழக்கமான 5 சதவீத எல்லையை அது தாண்டவில்லை. ஒன்பது என்றால் வாய்ப்பு 1.1 சதவீதம், அதை எழுதலாம். வித்தியாசம் கேட்கிறது என்று உறுதியான பிறகுதான் எது பிடிக்கிறது, ஏன் என்ற பேச்சு. அந்த 'ஏன்' வரும்போது ரெக்கோடரை ஓட விடுங்கள். "சலங்கை தள்ளி நிக்குது", "பாட்டு நெஞ்சுக்குக் கிட்ட வரேல்லை" என்று அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதுங்கள், 'தெளிவின்மை' என்று மொழிபெயர்க்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. செயல்நிலை ஆய்வு, அதாவது தங்கள் வகுப்பிலேயே ஆய்வு, செய்பவர்கள் தாங்களே படிப்பித்து, தாங்களே புள்ளி போட்டு, "முன்னேற்றம் உண்டு" என்று முடிப்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன். தவணைத் தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகள் பாடியதை எடுங்கள். பெயரும் திகதியும் இல்லாமல் கலந்து, வேறு பாடசாலை ஆசிரியர்கள் இருவரிடம் புள்ளி போடக் கொடுங்கள். எது முன், எது பின் என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. அப்படியும் பிந்தியவற்றுக்கே கூடப் புள்ளி விழுந்தால் உங்கள் கற்பித்தலைப் பற்றிப் பேசலாம். அதே காலத்தில் உங்களிடம் படிக்காத ஒரு வகுப்பையும் எடுத்திருந்தால் இன்னும் நம்பிப் பேசலாம்.

ஏழாவது படி: பத்திரம்

இடப்பெயர்வில் கசெற்றுகளும் கூத்துக் கொப்பிகளும் தொலைந்த ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு ஊரில். ஒன்று லப்டொப்பில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று மருதனார்மடத்துச் சிநேகிதரிடம் இருந்தாலும் சரி. கோப்பின் பெயர் திகதியோடு தொடங்கட்டும், ஆண்டு முதலில்.

அப்புறம், பாடியவர்களுக்கான பிரதி. முதல் தடவை நான் வேவ் கோப்புகளைப் பென்ட்ரைவில் போட்டு, இலக்கங்களோடு கொடுத்தேன். அண்ணாவியார் வீட்டு ரேடியோவில் 24 பிற் கோப்பு ஓடவில்லை. ஓடியிருந்தாலும் 07 எது, 12 எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எம்பி3 ஆக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பாட்டின் முதலடியைப் பெயராக வைத்து, அதே பெயர்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளிலும் அச்சடித்துக் கொண்டு போனேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்றாவது வரியில் ஒரு எழுத்துப் பிழை என்று பேனா கேட்டார்.